டிஸ்மிஸ் ஆணையை எதிர்த்து ஆர்.கே.புரம் செல்வோருக்கு

பட்டாளத்திலிருந்து எந்த வகையில் வெளியேறியிருந்தாலும், ஒரு சிப்பாய்க்கு அவருடைய கமாண்டிங் ஆபீசர் ஒரு சான்றிதழ் கொடுத்தாக வேண்டும். 1950ஆம் ஆண்டின் ராணுவச் சட்டம், 23ஆம் பிரிவு இதைக் கட்டாயமாக்குகிறது. எந்த அதிகாரியின் ஆணையால் பணி முடிந்தது, என்ன காரணத்துக்காக முடிந்தது, மொத்தப் பணிக்காலம் எவ்வளவு என்ற மூன்றும் அதில் இருக்க வேண்டும். ஆங்கிலத்தில் மட்டும் கொடுத்தால் போதாது. அவருடைய தாய்மொழியிலும் தர வேண்டும். தமிழ்ச் சிப்பாய்க்குத் தமிழில் எழுதிய சான்றிதழ் சட்டப்படி கிடைக்க வேண்டியது. அவமானத்தால் இந்தத் தாளை டிரங்குப் பெட்டியின் அடியில் போட்டுவிட்டு, பல ஆண்டுகள் தொடாமலே இருப்பவர்கள் நிறைய. முதலில் அதை வெளியே எடுங்கள். ‘காரணம்’ என்ற இடத்தில் எழுதியிருக்கும் பிரிவு எண்ணையும் விதி எண்ணையும் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள். எங்கே மனு கொடுப்பது, என்ன கேட்பது, எதை நிரூபிப்பது ஆகிய எல்லாம் அந்த எண்களைப் பொறுத்தவை.

தாள் தொலைந்திருந்தால் உங்கள் ரெஜிமெண்டின் ரெக்கார்ட் ஆபீசுக்கு எழுதுங்கள். மெட்ராஸ் ரெஜிமெண்டுக்கு நீலகிரி வெலிங்டன், மெட்ராஸ் சாப்பர்ஸுக்கு பெங்களூரு, பீரங்கிப் படைக்கு நாசிக் ரோடு, சிக்னல்ஸுக்கு ஜபல்பூர். சாதாரணக் கடிதத்துக்குப் பதில் வராவிட்டால் தகவல் உரிமைச் சட்டப்படி 10 ரூபாய் கட்டணத்தோடு கேளுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும். சான்றிதழோடு நிறுத்திவிடாமல் உங்கள் ஷீட் ரோல் எனும் பணிப் பதிவேடு, தண்டனைப் பதிவுத் தாள், ஷோ காஸ் நோட்டீஸ், அதற்கு நீங்கள் கொடுத்த பதில், விசாரணைக் குறிப்புகள், கடைசி ஆணை எல்லாவற்றின் நகலையும் ஒரே மனுவில் கேட்டுவிடுவது நல்லது.

அமெரிக்கப் படையில் வேலை பார்த்தவருக்கு, தன் டிஸ்சார்ஜின் தரத்தை உயர்த்தித் தரச் சொல்லி மனுச் செய்ய அதற்கென்றே மறுஆய்வு வாரியம் இருக்கிறது. 15 ஆண்டுகளுக்குள் அங்கே போகலாம். அதைக் கேள்விப்பட்டு, இங்கேயும் அப்படி ஓர் அலுவலகம் இருக்கும் என்று டெல்லியில் தேடி அலைய வேண்டாம். இந்தியாவில் அப்படியொரு வாரியம் கிடையாது. இங்கே உங்களை அனுப்பிய ஆணையையே எதிர்க்க வேண்டும். முதலில் படைக்குள், பிறகு ஆயுதப் படைத் தீர்ப்பாயத்தில்; ஆர்.கே.புரத்தில் இருப்பது அதன் முதன்மை அமர்வு.

அந்தத் தீர்ப்பாயம் எளிதில் வந்துவிடவில்லை. கோர்ட் மார்ஷல் தீர்ப்பின் மேல் ஒரு முறையான அப்பீல்கூட இல்லையே என்று உச்ச நீதிமன்றம் 1982இல் பிரித்தி பால் சிங் பேடி வழக்கில் வருத்தத்தோடு சுட்டிக்காட்டியது. சட்ட ஆணையம் 1999இல் தன் 169ஆவது அறிக்கையில் தீர்ப்பாயம் வேண்டும் என்றது. சட்டம் 2007இல் நிறைவேறியது. முதன்மை அமர்வு டெல்லியில் 2009 ஆகஸ்ட் 8 அன்று திறக்கப்பட்டது. அதற்கு முன் டிஸ்மிஸ் ஆன சிப்பாய்க்கு உயர் நீதிமன்றத்தில் ரிட் போடுவதே வழி. அதற்கு வசதியில்லாதவர்கள் ஊரோடு இருந்துவிட்டார்கள்.

இப்போது சான்றிதழிலிருந்து குறித்துக்கொண்ட எண்களைப் பார்ப்போம். ராணுவச் சட்டத்தின் 20ஆம் பிரிவு, ராணுவ விதிகளின் 17ஆம் விதி என்றிருந்தால் அது நிர்வாக வழி டிஸ்மிஸ் அல்லது நீக்கம். குற்றச்சாட்டை எழுத்தில் சொல்லி, பதில் சொல்ல அவகாசம் கொடுத்திருக்க வேண்டும். விதி 13(3), அட்டவணையில் மூன்றாம் இனம், ஐந்தாம் உட்பிரிவு என்றிருந்தால் அது ‘மற்ற வகை டிஸ்சார்ஜ்’. பிரிகேட் அல்லது சப் ஏரியா கமாண்டர் போடுவது. ரெட் இங்க் என்ட்ரிக்காக, அதாவது தண்டனைப் பதிவுத் தாளில் சிவப்பு மையில் விழும் பதிவுகளுக்காக, அனுப்பப்படுபவர்கள் பெரும்பாலும் இந்த வகை. 71ஆம் பிரிவு என்றிருந்தால் கோர்ட் மார்ஷல் கொடுத்த தண்டனை. விதி 13இல் ‘மருத்துவத் தகுதியின்மை’ என்றிருந்தால் உங்கள் வழக்கு வேறு தினுசு, அதைப் பின்னால் பார்க்கலாம். விமானப் படைக்கும் கடற்படைக்கும் தனித் தனிச் சட்டம் இருப்பதால் பிரிவு எண்கள் மாறும்.

டிஸ்மிஸுக்கும் டிஸ்சார்ஜுக்கும் உள்ள வேறுபாட்டைப் பணக்கணக்கில் புரிந்துகொள்ளுங்கள். பென்ஷன் விதிமுறைகளின்படி (1961ஆம் ஆண்டுத் தொகுப்பில் இது 113ஆம் விதி), டிஸ்மிஸ் ஆனவருக்குப் பென்ஷனும் இல்லை, கிராஜுவிட்டியும் இல்லை. டிஸ்சார்ஜ் ஆனவருக்கு அந்தத் தடை இல்லை, ஆனால் சிப்பாய் பென்ஷனுக்கு 15 ஆண்டுப் பணி வேண்டும். 16 ஆண்டு பணி செய்து டிஸ்மிஸ் ஆனவர், ஆணையை டிஸ்சார்ஜ் என்று மாற்றி வாங்கினாலே பென்ஷன் வந்துவிடும். 12 ஆண்டில் அனுப்பப்பட்டவருக்கு அந்த மாற்றத்தால் மட்டும் பென்ஷன் வராது. 15 ஆண்டு முடியும்வரை பணியில் இருந்ததாகக் கருத வேண்டும் என்று அவர் சேர்த்துக் கேட்க வேண்டும். மனுவில் இந்தக் கோரிக்கையை விட்டுவிட்டு, வழக்கில் ஜெயித்தும் வெறுங்கையோடு திரும்புவது மிகப் பெரிய கொடுமை. உங்கள் பணிக்காலத்தை நாள் கணக்காகக் கூட்டிப் பார்த்த பிறகே வக்கீலிடம் போங்கள். ஒழுங்கீனத்துக்காகவோ திறமைக் குறைவுக்காகவோ அனுப்பப்பட்டவர்கள், அரசு வேலை இடஒதுக்கீட்டுக்கான ‘முன்னாள் படைவீரர்’ வரையறைக்குள்ளும் வருவதில்லை. ஆகவே பென்ஷன் வயதைத் தொடாத இளைஞருக்கும் இந்த வழக்கு முக்கியமானது.

ரெட் இங்க் என்ட்ரி விஷயத்தைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது, தமிழ்நாட்டுப் பையன்கள் அதிகம் சிக்கிக்கொள்வது இதில்தான் என்பது என் எண்ணம். லீவு முடிந்து பத்து நாள் கழித்துப் போய்ச் சேர்வார்கள். அம்மாவுக்கு ஆபரேஷன், தங்கை கல்யாணம், அப்பா இறந்துபோனார் என்று எல்லாவற்றுக்கும் காரணம் இருக்கும், காகிதம் மட்டும் இருக்காது. ஒவ்வொரு முறையும் சிறு தண்டனை, சிவப்பு மையில் ஒரு பதிவு. நாலு சேர்ந்ததும் ‘உன்னை ஏன் அனுப்பக் கூடாது’ என்று நோட்டீஸ் வரும். நாலு ரெட் இங்க் விழுந்தால் கதை முடிந்தது என்று பாரக்கில் எல்லோரும் நம்புகிறார்கள். சட்டம் அப்படிச் சொல்லவில்லை.

ராணுவத் தலைமையகம் 1988 டிசம்பர் 28 அன்று அனுப்பிய ஒரு கடிதம் இந்த வகை வழக்குகளுக்கெல்லாம் அடிப்படை. நாலு சிவப்புப் பதிவு இருப்பதால் மட்டும் ஒருவரை அனுப்பியே ஆக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை என்று அது தெளிவாகச் சொல்கிறது. முன்கூட்டியே பாரபட்சமில்லாத ஒரு விசாரணை நடத்த வேண்டும். ஒவ்வொரு பதிவும் எந்தத் தவறுக்காக விழுந்தது என்று பார்க்க வேண்டும். சிப்பாயின் நெடிய பணிக்காலம், கடினமான இடங்களில் இருந்த காலம், வாழ்ந்த சூழல் ஆகியவற்றைக் கணக்கில் எடுக்க வேண்டும். பென்ஷனை நெருங்கியவரிடம் கடுமை காட்டக் கூடாது. 2015 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் வீரேந்திர குமார் துபே வழக்கில், இந்தக் கடிதத்தைப் பின்பற்றாமல் போட்ட டிஸ்சார்ஜ் ஆணையை ரத்து செய்தது. வேலைக்குத் திரும்பும் வயதை அவர் கடந்துவிட்டதால், பென்ஷனுக்குத் தேவையான காலம் முடியும்வரை பணியில் இருந்ததாகக் கருதி எல்லாப் பலனும் தரச் சொன்னது. வேலையில் இல்லாத காலத்துச் சம்பளம் மட்டும் கிடையாது. உங்கள் வக்கீலின் மேசையில் இந்தத் தீர்ப்பு இருக்க வேண்டும்.

இதையே நம்பி எல்லோரும் ஜெயித்துவிடுவதும் இல்லை. 2019 செப்டம்பரில் சத்குர் சிங் வழக்கில் அதே உச்ச நீதிமன்றம் டிஸ்சார்ஜை உறுதி செய்தது. ஏழு முறை பணிக்கு வராமல் இருந்ததற்கு ஷோ காஸ் நோட்டீஸின் பதிலில் அவர் எந்த விளக்கமும் தரவில்லை என்பது நீதிபதிகள் கண்ணில் பட்டது. நோட்டீஸுக்குச் சமாதானமாக ‘மன்னித்துவிடுங்கள், இனிமேல் செய்ய மாட்டேன்’ என்று இரண்டு வரி எழுதிக் கொடுப்பவர்கள் இந்தத் தீர்ப்பைப் பொறுமையாகப் படிக்க வேண்டும். ஒவ்வொரு முறை தாமதத்துக்கும் ஆஸ்பத்திரி டிஸ்சார்ஜ் சம்மரி, இறப்புச் சான்றிதழ், தந்தி, ரயில் ரத்தான செய்தி, ஊராட்சித் தலைவரின் கடிதம் என்று எது கிடைக்கிறதோ அதை இப்போதாவது தேடிச் சேர்த்துவையுங்கள். சியாச்சின், வடகிழக்கு, காஷ்மீர் என்று நீங்கள் இருந்த கடின இடங்களைத் தேதியோடு ஒரு பட்டியலாக எழுதுங்கள். 1988 கடிதம் கேட்பது இதைத்தான்.

கோர்ட் மார்ஷல் தண்டனையாக வந்த டிஸ்மிஸ் என்றால், அந்த நடவடிக்கைகளின் முழு நகல் உங்கள் கைக்கு வந்தே தீர வேண்டும். 1954ஆம் ஆண்டின் ராணுவ விதிகள், 147ஆவது விதி அதை உங்கள் உரிமை என்கிறது. அழிக்கப்படுவதற்கு முன் கேட்க வேண்டும், குறிப்பிட்ட காலம் கழிந்தால் பதிவேடுகளை அழித்துவிடுவார்கள். நகல் கிடைத்ததும் குற்றப்பத்திரிகையை உங்களிடம் தந்த நேரத்துக்கும் விசாரணை தொடங்கிய நேரத்துக்கும் இடைவெளி எவ்வளவு என்று பாருங்கள். சாதாரணக் காலத்தில் 96 மணி நேரம் தந்திருக்க வேண்டும், ஆக்டிவ் சர்வீஸில் 24 மணி நேரம். அடுத்து ‘குற்றத்தை ஒப்புக்கொள்கிறேன்’ என்று எழுதிய இடத்தின் கீழே உங்கள் கையெழுத்து இருக்கிறதா என்று பாருங்கள். நான் ஒப்புக்கொள்ளவே இல்லை, அவர்களாகவே எழுதிக்கொண்டார்கள் என்று சொல்பவர்களுக்கு இந்தக் கையெழுத்துதான் கேள்வி. எல்லைப் பாதுகாப்புப் படையைச் சேர்ந்த ஜோகேஷ்வர் ஸ்வைன் வழக்கில் ஒப்புதலின் கீழ் கையெழுத்து இல்லாததை டெல்லி உயர் நீதிமன்றம் கணக்கில் எடுத்து டிஸ்மிஸை ரத்து செய்தது. 2023இல் உச்ச நீதிமன்றமும் அதை ஏற்றுக்கொண்டது.

சம்மரி கோர்ட் மார்ஷல் என்பது கமாண்டிங் ஆபீசர் ஒருவரே நீதிபதியாக அமர்ந்து நடத்தும் விசாரணை. உடனடி நடவடிக்கை தேவைப்படும் விதிவிலக்கான சூழலுக்கே அது என்று டெல்லி உயர் நீதிமன்றம் விஷ்வ பிரியா சிங் வழக்கில் சொன்னது. 2016இல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. உங்கள் வழக்கில் அந்த அவசரம் என்ன இருந்தது என்ற கேள்வியை மனுவில் எழுப்ப மறக்காதீர்கள்.

தண்டனை தவறுக்குப் பொருந்தாத அளவுக்குப் பெரியது என்பது தனி வாதம். அதற்கு மூல ஊற்று ரஞ்சித் தாக்கூர் வழக்கு. சிக்னல்ஸ் பிரிவைச் சேர்ந்த அவர், தன் அதிகாரிகளைப் பற்றிய புகாரை நேராக மேலிடத்துக்கு அனுப்பியதற்காக 28 நாள் கடுங்காவலில் இருந்தார். 1985 மே 29 அன்று அங்கே சாப்பிட மறுத்தார். மறு நாளே சம்மரி கோர்ட் மார்ஷல். ஓர் ஆண்டு சிறை, டிஸ்மிஸ். அவர் யாரைப் பற்றிப் புகார் செய்தாரோ, அந்த அதிகாரியே விசாரித்த அமர்விலும் இருந்தார். 1987 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை ரத்து செய்து, பணப் பலன்களோடு வேலையில் திரும்பச் சேர்க்க உத்தரவிட்டது. பாரபட்சம் இருப்பதாக ஒரு நியாயமான மனிதனுக்குத் தோன்றினாலே போதும், அமர்ந்தவர் மனத்தில் உண்மையில் பகை இருந்ததா என்று நிரூபிக்க வேண்டியதில்லை என்று சொன்ன தீர்ப்பு அது. ஒரு கவளம் சோறு மறுத்ததற்காக ஒரு மனிதனின் வாழ்வாதாரத்தைப் பறித்தது எவ்வளவு பெரிய அநீதி என்பதை அந்த நீதிபதிகள் உணர்ந்து எழுதினார்கள்.

நோயைக் காரணம் காட்டி அனுப்பப்பட்டவர்கள் 2013இல் வந்த தரம்வீர் சிங் தீர்ப்பைத் தெரிந்துகொள்ள வேண்டும். சேரும்போது மருத்துவப் பதிவில் அந்த நோய் குறிக்கப்படாமல் இருந்தால், பணியில் வந்ததாகவே கருத வேண்டும். இல்லை என்று நிரூபிக்கும் பொறுப்பு அரசுடையது. இவர்கள் கேட்க வேண்டியது ஊனப் பென்ஷன்.

இனி காலக்கெடு. இதில் நாள் தவறி நிற்பவர்கள்தான் அதிகம். தீர்ப்பாயத்துக்கு வரும் முன் படைக்குள் கிடைக்கும் வழிகளை முடித்திருக்க வேண்டும் என்கிறது தீர்ப்பாயச் சட்டத்தின் 21ஆம் பிரிவு. கோர்ட் மார்ஷலை எதிர்ப்பவருக்கு ராணுவச் சட்டத்தின் 164ஆம் பிரிவில் மேல்மனு உண்டு. மற்றவர்கள் மேலதிகாரிக்கு எழுத்து மூலம் முறையீடு செய்ய வேண்டும். ஆறு மாதம் காத்திருந்தும் பதில் வராவிட்டால் கதவு திறந்துவிடுகிறது. அதிலிருந்து இன்னொரு ஆறு மாதத்துக்குள் தீர்ப்பாயத்தில் மனு விழ வேண்டும். பதில் வந்தால் அந்தத் தேதியிலிருந்து ஆறு மாதம். முறையீட்டை ஸ்பீட் போஸ்டில் அனுப்பி, பட்டுவாடா அத்தாட்சியை மனுவோடு இணைக்கும் வரை பத்திரமாக வைத்திருங்கள்.

இந்தக் காலம் கடந்துவிட்டாலும் 22ஆம் பிரிவு வாயிலை முழுதாக மூடவில்லை. தக்க காரணம் சொன்னால் தாமதத்தை மன்னிக்கலாம். 2008இல் வந்த தர்சேம் சிங் தீர்ப்பின்படி, மாதா மாதம் வர வேண்டிய பென்ஷன் வராமல் இருப்பது தொடரும் தவறு. எனவே தாமதமாகக் கேட்டாலும் கேட்கலாம், ஆனால் நிலுவைத்தொகை பொதுவாக மனுவுக்கு முந்திய மூன்று ஆண்டுக்கு மட்டும் கிடைக்கும். டிஸ்மிஸ் ஆணை அப்படித் தொடரும் தவறாகக் கருதப்படாது. அது ஒரு நாள் நடந்து முடிந்த செயல். அதை எதிர்ப்பவர் தாமதத்துக்கு ஒவ்வொரு காலப்பகுதியாகக் கணக்குக் காட்ட வேண்டும். எந்த ஆண்டு எங்கே வேலை பார்த்தீர்கள், எப்போது நோய்ப்பட்டீர்கள், எப்போது மனுக் கொடுத்தீர்கள், என்ன பதில் வந்தது என்று அஃபிடவிட்டில் ஆண்டு வாரியாக எழுதுங்கள். ‘வறுமை காரணமாக’ என்ற ஒற்றை வாக்கியத்துக்கு யாரும் இரக்கப்பட மாட்டார்கள்.

நீண்ட காலம் கழித்தும் நீதி கிடைத்த ஒருவரைச் சொல்கிறேன். ராணுவச் செவிலியர் சேவைக்குத் தேர்வாகி, டெல்லி ராணுவ மருத்துவமனையில் பயிற்சி பெற்றவர் செலினா ஜான். திருமணம் செய்துகொண்டதைக் காரணமாக்கி 1988இல் அவரை விடுவித்தார்கள். 2016இல் லக்னோ அமர்வு அவர் பக்கம் தீர்ப்புச் சொன்னது. 2024 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம், கல்யாணத்துக்காக ஒரு பெண்ணை வெளியே அனுப்பும் விதி முழுக்கத் தன்னிச்சையானது என்று சொல்லி 60 லட்சம் ரூபாய் தர உத்தரவிட்டது. தவறான ஆணையோடு அவர் வாழ்ந்த காலம் 35 ஆண்டுக்கு மேல். அதை நினைத்தால் கோபம் வருகிறது. ஆனாலும் அவர் விடவில்லை.

எங்கே மனுப் போடுவது என்பதில் வீண் செலவு செய்யாதீர்கள். பணியை விட்டு வந்தவர், தான் இப்போது வசிக்கும் இடத்துக்குரிய அமர்விலேயே மனுப் போடலாம். தமிழ்நாட்டில் இருப்பவருக்குச் சென்னை அமர்வு இருக்கிறது. ஆணை டெல்லித் தலைமையகத்திலிருந்து வந்தது என்பதற்காக ரயிலேறி வர வேண்டியதில்லை. டெல்லியிலோ சுற்றுப்புறத்திலோ செக்யூரிட்டி வேலை, டிரைவர் வேலை பார்த்துக் குடியிருப்பவர்களுக்கு முதன்மை அமர்வே தங்கள் அமர்வு. எல்லைப் பாதுகாப்புப் படை, சி.ஆர்.பி.எஃப்., சி.ஐ.எஸ்.எஃப். ஆட்கள் இந்தத் தீர்ப்பாயத்துக்கு வர முடியாது. அவர்கள் உயர் நீதிமன்றத்துக்குத்தான் போக வேண்டும்.

முதன்மை அமர்வு ஆர்.கே.புரம் செக்டர் 1, வெஸ்ட் பிளாக் 8இல் இருக்கிறது. அதே வளாகத்தின் வெஸ்ட் பிளாக் 4இல் முன்னாள் படைவீரர் நலனைக் கவனிக்கும் மத்திய சைனிக் போர்டு. தமிழருக்குப் பழக்கமான வட்டாரம் இது. செக்டர் 5இல் டெல்லித் தமிழ்ச் சங்கம், செக்டர் 7இல் மலை மந்திர். சட்டம் தெரிந்த, தமிழில் பேசும் ஒருவர் வேண்டுமென்றால் இந்த இரண்டு இடங்களிலும் விசாரிப்பது வழக்கம். தீர்ப்பாய நடவடிக்கை ஆங்கிலத்தில் நடக்கும், தமிழ் ஆவணம் ஒவ்வொன்றுக்கும் ஆங்கில மொழிபெயர்ப்பு இணைக்க வேண்டும். ஊர் ஆஸ்பத்திரிச் சான்றிதழைத் தமிழிலேயே செருகிவிட்டு வராதீர்கள்.

வக்கீல் வைக்காமல் நீங்களே வாதாடச் சட்டம் இடம் தருகிறது. செய்யலாம், ஆனால் நான் பரிந்துரைக்க மாட்டேன். ராணுவச் சட்டம் தெரிந்த வக்கீல் வேண்டும். பொதுவான சிவில் வக்கீல்கள் மேலே சொன்ன 1988 கடிதத்தைப் பார்த்திருக்க மாட்டார்கள். வசதியில்லாதவர்கள் இலவசச் சட்ட உதவி கேட்கலாம். படையினருக்கும் குடும்பத்தினருக்கும் என்றே தேசியச் சட்டப் பணிகள் ஆணையம் 2025 ஜூலையில் வீர் பரிவார் சஹாயதா யோஜனாவைத் தொடங்கியது. மாவட்ட சைனிக் போர்டு வழியாகவே கேட்டுப் பாருங்கள். ஒழுங்கீனத்தால் அனுப்பப்பட்டவர் என்று சொல்லி உங்களைத் திருப்பி அனுப்பினால், வருமானச் சான்றிதழோடு நேராக டெல்லிச் சட்டப் பணிகள் ஆணையத்துக்குப் போங்கள்.

அமர்வில் ஒரு நீதித்துறை உறுப்பினரும் படையில் மேஜர் ஜெனரல் நிலைக்குக் குறையாமல் இருந்த ஒரு நிர்வாக உறுப்பினரும் அமர்வார்கள். அந்த இரண்டாவது மனிதருக்கு உங்கள் வாழ்க்கை தெரியும். மைனஸ் டிகிரியில் காவல் நின்றதையும், சண்டையில் தோழன் விழுந்ததையும் அவருக்கு விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை, தேதியும் இடமும் எழுதினால் போதும். அவர் முன்னால் பொய் மட்டும் செல்லாது. மனுவில் தவறு நடந்த இடத்தில் தவறு என்று ஒப்புக்கொண்டு, தண்டனையின் அளவை மட்டும் எதிர்ப்பது பல நேரம் வலுவான வழி. தீர்ப்பாயம் தண்டனையைக் குறைக்கலாம், டிஸ்மிஸை டிஸ்சார்ஜாக மாற்றலாம், மறு விசாரணைக்கு அனுப்பலாம். கோர்ட் மார்ஷல் அப்பீலில் தண்டனையைக் கூட்டும் அதிகாரமும் அதற்கு உண்டு என்பதையும் வக்கீலிடம் பேசிக்கொள்ளுங்கள்.

தோற்றால் உச்ச நீதிமன்றத்துக்கு நேராகப் போகும் வழி குறுகியது. பொது முக்கியத்துவம் வாய்ந்த சட்டக் கேள்வி இருந்தால்தான் அனுமதி. தீர்ப்பாய ஆணையை எதிர்த்து உயர் நீதிமன்றத்தில் ரிட் போடலாம் என்று 2023 மார்ச்சில் பரஷோத்தம் தாஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கிவிட்டது. டெல்லி அமர்வில் தோற்றவர் ஷேர் ஷா சாலையில் உள்ள டெல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போகலாம். டிஸ்மிஸ் ஆணை நிலைத்துவிட்டாலும், மேலே சொன்ன பென்ஷன் விதியில் ஒரு விருப்ப அதிகாரம் இருக்கிறது. விதிவிலக்கான சூழலில் டிஸ்மிஸ் ஆனவருக்கும் பென்ஷன் தரலாம். 15 ஆண்டை முடித்தவர்கள் பாதுகாப்பு அமைச்சகத்துக்கு இதற்கென்று தனி மனு எழுத வேண்டும். அதிகம் பேர் இதை எழுதுவதே இல்லை.

ஜெயித்தால் ஆணையின் சான்றிட்ட நகலை ரெக்கார்ட் ஆபீசுக்கு அனுப்பி, 23ஆம் பிரிவுச் சான்றிதழைத் திருத்தித் தரக் கேளுங்கள். தமிழ்ப் பிரதியையும் சேர்த்துக் கேளுங்கள். பென்ஷன் ஆணை பிரயாக்ராஜில் உள்ள பாதுகாப்புக் கணக்குத் துறை அலுவலகத்திலிருந்து வரும், கணக்கு ஸ்பர்ஷ் என்ற பாதுகாப்புத் துறைப் பென்ஷன் இணையதளத்தில் ஏறும். தீர்ப்பில் சொன்ன மாதக்கெடு முடிந்தும் ஒன்றும் வராவிட்டால் காத்திருக்காமல் அதே அமர்வில் தீர்ப்பை நிறைவேற்றக் கோரி மனுப் போடுங்கள். மனைவி பெயர், பிறந்த தேதி, ஆதார் எண் மூன்றும் ரெக்கார்ட் ஆபீஸ் பதிவோடு ஒத்துப்போகிறதா என்று வழக்கு நடக்கும்போதே சரிபார்த்துவிட்டால், ஜெயித்த பிறகு குடும்பப் பென்ஷன் விவரங்களுக்காக இன்னோர் ஆண்டு அலைய வேண்டியிருக்காது.